நடந்தா போச்சு?

சித்தப்பாவுக்குக் கல்லீரல் புற்றுநோய் என்று தெரிந்து ஏழு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில், இரண்டு நுரையீரலிலும் மிளகு சைஸில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரிந்தன. மருத்துவர் "ஸ்பிரெட் ஆகியிருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போய்விட்டார். சித்தி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, "ஏண்டா, கல்லீரல் எங்க இருக்கு, நுரையீரல் எங்க இருக்கு? நடுவுல ஒரு தடுப்பு வேற இருக்குன்னு நீதான ஒருநாள் படம் போட்டுக் காட்டின. நடந்தா போச்சு அங்க?" என்று கேட்டார்.

"ரத்தம் வழியா போகும் சித்தி" என்றேன். தப்பில்லை, ஆனால் அது பதிலும் இல்லை. ரத்தம் எல்லா இடத்துக்கும்தான் போகிறது. ஆற்றில் விழுந்தது எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் மிதந்து போகலாம், ஒரு படித்துறையில் கரையேற வேண்டுமென்றால் எதையாவது பிடித்தாக வேண்டும் இல்லையா? அந்தப் பிடி எது என்பதுதான் சித்தியின் கேள்வி. வேடிக்கை என்னவென்றால், மாணவனாக இருந்தபோது இரண்டு வருடம் நான் ஆய்வுக்கூடத்தில் மெனக்கெட்டதே அந்த ஒரு கேள்விக்குத்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் வழி. கல்லீரலுக்குள் ரத்தம் இரண்டு பக்கமிருந்து வருகிறது. குடலிலிருந்து சத்தை ஏற்றிக்கொண்டு போர்ட்டல் சிரை வழியாக முக்கால் பங்கு, தமனி வழியாகக் கால் பங்கு. (கட்டி மட்டும் பெரும்பாலும் தமனியைத்தான் உறிஞ்சும், அதனால்தான் அந்தத் தமனிக்குள் மருந்தைச் செலுத்தி அடைக்கிற சிகிச்சை சாத்தியமாகிறது.) உள்ளே வந்த ரத்தம் எல்லாம் கல்லீரல் சிரைகளில் சேர்ந்து, பெருஞ்சிரையில் விழுந்து, இதயத்தின் வலப்பக்கம் ஏறி, நேராக நுரையீரலுக்குள் தள்ளப்படுகிறது. அதாவது கல்லீரலை விட்டுக் கிளம்பிய செல் சந்திக்கிற முதல் குறுகலான சந்துகள் நுரையீரலின் நுண்குழாய்கள். கல்லீரல் செல்லில் தொடங்கும் புற்றுநோய்க்குச் சிரைகளுக்குள் வேர் விடுகிற கெட்ட பழக்கம் வேறு உண்டு. கல்லீரலை விட்டு வெளியே அது அதிகம் போகும் இடம் நுரையீரல்தான். எலும்பும் நிணநீர்க் கணுக்களும் அட்ரீனலும் அதற்கு அப்புறம்.

அப்படியானால் விடை எளிது, சந்து குறுகல், செல் பெரிது, மாட்டிக்கொண்டது, கதை முடிந்தது என்று தோன்றும். நுண்குழாயின் விட்டம் 5 முதல் 8 மைக்ரான். புற்றுசெல் பெரும்பாலும் 15, 20 மைக்ரான் இருக்கும். ஜேம்ஸ் யூயிங் என்ற அமெரிக்க நோயியல் வல்லுநர் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார், குழாய்களின் அமைப்பும் ரத்த ஓட்டமுமே போதும் என்று. அவருக்கு முன்பே, 1889இல், ஸ்டீபன் பேஜெட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சில உறுப்புகளில் மட்டும் திரும்பத் திரும்பப் பரவுவது தற்செயலாக இருக்க முடியாது, விதைக்கு ஏற்ற மண் வேண்டும் என்று எழுதியிருந்தார். நூறு வருடத்துக்கு மேலாக இந்த இரண்டு கட்சிகளும் சண்டை போடுகின்றன. என் கட்சி எது என்று கேட்டால், இரண்டுக்கும் பாதிப் பாதி ஓட்டு. குறுகலில் மாட்டுவது நடக்கிறது. ஆனால் மாட்டியது எல்லாம் தங்குவதில்லை.

தங்குவது எவ்வளவு அரிது என்பதை 1970இல் ஐசையா ஃபிட்லர் எலிகளில் அளந்து காட்டினார். கதிரியக்க அடையாளம் ஏற்றிய மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) செல்களை ரத்தத்தில் செலுத்தி, எத்தனை மிச்சம் என்று எண்ணினார். ஒரு நாள் முடிவதற்குள் ஆயிரத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. ரத்தம் என்பது செல்லுக்கு அப்படிப்பட்ட இடம், ஓட்டத்தின் உராய்வே பிய்த்துப் போடும், அதில் தப்பினால் நோய் எதிர்ப்புப் படையின் இயற்கைக் கொல்லி செல்கள் காத்திருக்கும். புற்றுநோய் ரத்தத்தில் கலந்தால் அவ்வளவுதான் என்று நாம் பயப்படுகிறோமே, கலந்தவற்றில் ஏறக்குறைய எல்லாமே செத்துப்போகின்றன. பிடித்துக்கொண்டு வெளியேறத் தெரிந்த ஒன்றிரண்டுதான் தொல்லை.

பிடிப்பது எப்படி என்று புரிய, புற்றுநோயைக் கொஞ்சம் மறந்துவிட்டு வெள்ளையணுவைப் பார்க்க வேண்டும்.

கையில் முள் குத்தி ஒரு நாளில் அந்த இடம் சிவந்து வீங்குகிறது. அங்கே வெள்ளையணுக்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. ஓடுகிற ரத்தத்திலிருந்து இறங்க வேண்டிய இடத்தில் அவை சரியாக எப்படி இறங்குகின்றன? 19ஆம் நூற்றாண்டிலேயே யூலியஸ் கோன்ஹைம் தவளையின் மெல்லிய சவ்வை நுண்ணோக்கியில் விரித்து வைத்து, வெள்ளையணுக்கள் குழாய்ச் சுவரில் ஒதுங்கி, உரசி, பிறகு சுவரைத் துளைத்து வெளியேறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். இப்போது அதை வீடியோவாகப் பார்க்கலாம். நான் முதன்முதலில் பார்த்தபோது ஒரே காட்சியை எத்தனை முறை திரும்ப ஓடவிட்டேன் என்று நினைவில்லை. சிவப்பணுக்கள் நடுவில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் பறக்கின்றன. ஓரத்தில் ஒரு வெள்ளையணு மட்டும் குண்டு உருள்கிற மாதிரி மெதுவாக உருண்டு வருகிறது, தயங்குகிறது, மறுபடி உருள்கிறது, ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது. நின்ற பிறகு தட்டையாகிறது. அப்புறம் காணோம், சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

அந்த உருளலுக்குக் காரணம் செலக்டின் என்ற புரதங்கள். அழற்சி ஏற்பட்ட இடத்தில் டி.என்.எஃப். மாதிரியான சமிக்ஞைகள் வந்ததும், குழாயின் உட்பக்கத்தை வழவழவென்று மூடியிருக்கும் எண்டோதீலியல் செல்கள் சில மணி நேரத்தில் இ-செலக்டினைத் தயாரித்து வெளியே நீட்டுகின்றன. பி-செலக்டின் முன்கூட்டியே தயாரித்துப் பைக்குள் போட்டு வைக்கப்பட்டிருக்கும், நிமிடங்களில் வெளியே வந்துவிடும். தட்டணுக்களிலும் அது உண்டு. இவை சுவரில் முளைத்த கைகள் என்றால், அந்தக் கைகள் பற்றுவது வெள்ளையணுவின் மேலிருக்கும் ஒரு சர்க்கரைத் துணுக்கை. அதற்குப் பெயர் சியாலில் லூயிஸ் எக்ஸ். செலக்டின் பிடிப்பது இதைத்தான் என்று 1990இல் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் கண்டுபிடித்தன.

இந்தப் பிடிக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. சாதாரணமாக எந்த ஒட்டுதலையும் இழுத்தால் சீக்கிரம் விட்டுப்போகும். செலக்டின் பிடியோ, ஒரு அளவு வரைக்கும், இழுக்க இழுக்க இறுகுகிறது. பி-செலக்டினில் இதை 2003இல் நேரடியாக அளந்து காட்டினார்கள். சுருக்கு முடிச்சு நினைவுக்கு வருகிறதா, அதே கதைதான். ஓடுகிற ரத்தத்தில் பிடித்து நிற்க வேண்டிய ஒரு கருவிக்கு இதைவிடப் பொருத்தமான குணம் இருக்க முடியாது, ஓட்டமே அதை இறுக்குகிறது. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், என் சொந்த வெட்கக்கேடு ஒன்று இதோடு சம்பந்தப்பட்டது, கீழே வரும்.

சரி, அந்தச் சர்க்கரைத் துணுக்கைச் செய்கிற நொதிக்கு வருவோம்.

சியாலில் லூயிஸ் எக்ஸ் நான்கே சர்க்கரைகளால் ஆனது. அடியில் ஒரு அசிட்டைல் குளுக்கோசமின், அதன் மேல் காலக்டோஸ், அதன் மேல் சியாலிக் அமிலம், கடைசியாகப் பக்கவாட்டில் ஒரு ஃபியூக்கோஸ். ஃபியூக்கோஸுக்கு அந்தப் பெயர் ஃபியூக்கஸ் என்ற கடற்பாசியிலிருந்து வந்தது. நம் உடலின் சர்க்கரைகள் அநேகமாக எல்லாம் வலக்கை வடிவம் என்றால் இது இடக்கை வடிவம், கூட்டத்தில் தனியாகத் தெரிகிற ஆள். செல்லுக்குள் கோல்ஜி என்ற பகுதியில் புரதங்களுக்கு இந்தச் சர்க்கரைகளை ஒவ்வொன்றாகக் கோக்கிறார்கள் (நொதிகளை "ஆர்கள்" போட்டுப் பேசுவது பழைய பழக்கம், மன்னிக்கவும்). ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு தனி நொதி. கடைசிக் கண்ணியான ஃபியூக்கோஸை மாட்டுகிறவை ஃபியூக்கோசில் டிரான்ஸ்ஃபெரேஸ்கள். மனிதனில் ஃபியூக்கோஸ் மாட்டுகிற நொதிகள் மொத்தம் 13. அவற்றில் ஏழாம் எண்ணுக்காரர், ஆய்வுக்கூட வழக்கில் ஃபட்-7, வெள்ளையணுக்களில் இந்த வேலைக்கென்றே இருக்கிறார். சியாலிக் அமிலம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால்தான் ஃபட்-7 கை வைக்கும். இல்லாவிட்டால் தொடாது. அதனால் அது தொட்ட இடமெல்லாம் சியாலில் லூயிஸ் எக்ஸ்தான். பூட்டுக்குச் சாவி செய்கிற பட்டறையில் கடைசிப் பல்லை அராவுகிற ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பல் இல்லையென்றால் சாவி என்னதான் பளபளப்பாக இருந்தாலும் பூட்டில் திரும்பாது.

அந்தக் கடைசிப் பல் இல்லாமல் பிறந்தவர்கள் இருக்கிறார்கள். மிக அரிதான ஒரு பிறவிக் கோளாறு, 1992இல் முதலில் விவரிக்கப்பட்டது. ஃபியூக்கோஸைக் கோல்ஜிக்குள் ஏற்றிவிடுகிற கடத்தி வேலை செய்யாது. அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் ஏராளமாக இருக்கும், ஆனால் உருளத் தெரியாது, இறங்கத் தெரியாது. நோய்த்தொற்று திரும்பத் திரும்ப வரும், புண்ணில் சீழே கட்டாது. இன்னொரு அடையாளமும் உண்டு, அவர்களுடைய ரத்த வகை பாம்பே வகை. 1952இல் பெண்டேயும் அவருடன் இருந்தவர்களும் பம்பாயில் கண்டுபிடித்த அதே அபூர்வ வகை. ஏனென்றால் ஓ வகை ரத்தத்தில் இருக்கிற அடிப்படைச் சர்க்கரைக்கும் கடைசியில் ஃபியூக்கோஸ்தான் தேவை, அதை மாட்டுவது வேறொரு ஃபியூக்கோஸ் நொதி. ரத்த வங்கியில் கேள்விப்படுகிற ஒரு பெயரும் சீழ் கட்டாத ஒரு குழந்தையும் ஒரே சர்க்கரையில் வந்து முட்டுவது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ஃபட்-7 கெட்ட நொதி இல்லை. வெள்ளையணு இறங்க வேண்டிய இடத்தில் இறங்க அது உதவுகிறது. புற்றுசெல் செய்வதெல்லாம் வெள்ளையணுவின் நுழைவுச் சீட்டைத் திருடி அச்சடிப்பதுதான். திருடனுக்குப் புதுத் திறமை எதுவும் தேவைப்படவில்லை, எந்தக் கதவு எப்படித் திறக்கும் என்பது மரபணுவில் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது, தூங்குகிற பக்கத்தைப் புரட்டினால் போதும்.

கல்லீரல் புற்றுசெல்லில் இதைச் சோதித்த வேலைகளில் அதிகம் பேசப்பட்டது ஷாங்காயில் ஒரு குழு 2000களின் தொடக்கத்தில் செய்தது. 7721 என்ற எண்ணுள்ள கல்லீரல் புற்றுசெல் லைனை (ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து வளர்த்துவரும் செல் வம்சத்தை) எடுத்து, ஃபட்-7 மரபணுவைக் கூடுதலாக ஏற்றினார்கள். செல்லின் மேற்பரப்பில் சியாலில் லூயிஸ் எக்ஸ் கூடியது. ரத்தக் குழாயின் உள்ளுறைச் செல்களோடு ஒட்டுவதும் கூடியது. அந்தச் சர்க்கரையைக் குறிவைக்கும் ஆன்டிபாடியை ஊற்றினால் ஒட்டுவது குறைந்தது. வளர்ச்சியைத் தூண்டும் இ.ஜி.எஃப். போன்றவை இந்தச் சர்க்கரையை ஏற்றின, செல்லை முதிரச் செய்யும் ரெட்டினாயிக் அமிலம் இறக்கியது. அடுக்கி வைத்துப் பார்த்தால் கதை கச்சிதம். நொதி கூடினால் சர்க்கரை கூடும், சர்க்கரை கூடினால் பிடி கூடும், பிடி கூடினால் பரவும் வாய்ப்புக் கூடும்.

நான் செய்ததும் அதே மாதிரியான சோதனைதான், சின்ன அளவில். எப்படிச் செய்வோம் என்று சொல்கிறேன், ஏனென்றால் "ஒட்டுகிறது" என்று கட்டுரைகளில் எழுதுகிற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு. உள்ளங்கை அளவு. ஒவ்வொரு குழியின் அடியிலும் எண்டோதீலியல் செல்களை வளர்த்து ஒரு பாய் மாதிரி விரிய விட வேண்டும். இந்தச் செல்கள் எங்கிருந்து வருகின்றன தெரியுமா? தொப்புள்கொடியிலிருந்து. பிரசவத்துக்கு அப்புறம் வீசியெறியப்படுகிற கொடிக்குள் இருக்கும் சிரையைக் கழுவி, உட்சுவரை நொதியால் கரைத்து எடுத்தால் சுத்தமான எண்டோதீலியல் செல்கள் கிடைக்கும். 1973இலிருந்து உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் "ரத்தக் குழாய்" என்று சொன்னால் பாதிக்குப் பாதி இந்தத் தொப்புள்கொடிச் சிரைதான். பாய் நெருக்கமாக விரிந்ததும் டி.என்.எஃப். ஊற்றி நாலைந்து மணி நேரம் எழுப்பிவிடுவோம், இ-செலக்டின் வெளியே நீட்ட அவ்வளவு நேரமாகும். இதற்கிடையில் புற்றுசெல்களுக்குப் பச்சையாக ஒளிரும் சாயம் ஏற்றி, குழிக்கு இத்தனை ஆயிரம் என்று எண்ணி ஊற்றுவோம். அரை மணி நேரம் காத்திருப்போம். அப்புறம் கழுவுவோம்.

எல்லாம் அந்தக் கழுவலில்தான் இருக்கிறது. ஒட்டாதது போக வேண்டும், ஒட்டியது இருக்க வேண்டும். மிச்சம் எவ்வளவு ஒளிர்கிறது என்று கருவி படித்துச் சொல்லும் எண்தான் "ஒட்டுதல்". பிப்பெட்டின் நுனியைக் குழியின் சுவரில் சாய்த்து மெதுவாக வடிக்க வேண்டும். நடுவில் நேராகப் பீய்ச்சினால் அடியிலிருக்கும் பாயே வட்டமாகக் கிழிந்து சுருண்டுவிடும், நுண்ணோக்கியில் பார்த்தால் சிகரெட் சுட்ட ஓட்டை மாதிரி இருக்கும். எனக்கு மதியத்துக்கு முன் கை மெதுவாக இருக்கும், மாலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் கனமாகிவிடும். ஒரு மாதம் கழித்து என் எண்களையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஃபட்-7 ஏற்றிய செல்லுக்கும் ஏற்றாத செல்லுக்கும் இடையில் இருந்த வித்தியாசத்தைவிட, காலை செய்ததற்கும் மாலை செய்ததற்கும் இடையில் இருந்த வித்தியாசம் பெரிது. மேற்பார்வையாளரிடம் காட்டினேன். "எல்லாத்தையும் காலையிலயே செய்" என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு.

காலையிலேயே செய்தேன். வித்தியாசம் தெரிந்தது. ஆனால் மேலே சொன்ன சுருக்கு முடிச்சு அப்போதே என்னை உறுத்த ஆரம்பித்திருந்தது. செலக்டின் பிடியின் மொத்த சூட்சுமமும் ஓட்டத்தில் இருக்கிறது. நானோ செல்களைத் தேங்கிய குட்டையில் அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, ஒட்டியிருக்கிறதா என்று கேட்கிறேன். அவ்வளவு நேரம் சும்மா உட்கார விட்டால் செலக்டின் இல்லாமலே இன்டெக்ரின் போன்ற வேறு புரதங்கள் பசை போட்டுவிடும். ரத்தக் குழாயில் செல்லுக்கு அரை மணி கிடைக்காது, கிடைப்பது நொடியின் ஒரு துண்டு. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையில் திரவத்தை ஓடவிட்டு, ஓட்டத்தில் எது உருள்கிறது என்று பார்க்கிற கருவி 1990களின் தொடக்கத்திலேயே பிரபலம். எங்கள் கூடத்தில் அது இல்லை. இருப்பதை வைத்துத்தான் கேள்வி கேட்போம், ஆய்வில் பாதி அப்படித்தான்.

இன்னொரு உறுத்தல், கல்லீரலுக்கும் தொப்புள்கொடிக்கும் என்ன சம்பந்தம் என்பது. கல்லீரலுக்குள் இருக்கும் நுண்குழாய்கள் சைனுசாய்டுகள், சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருப்பவை. அவற்றின் உள்ளுறை வேறு ஜாதி. சும்மா இருக்கும்போது அங்கே இ-செலக்டின் அதிகம் தென்படாது. ஆனால் எலிகளில் ஒரு விஷயம் பார்த்திருக்கிறார்கள். பரவும் தன்மையுள்ள புற்றுசெல்கள் கல்லீரலுக்குள் நுழைந்ததுமே அங்கே காவலுக்கு இருக்கும் குஃப்ஃபர் செல்கள் டி.என்.எஃப். கக்குகின்றன, அதன் விளைவாகச் சில மணி நேரத்தில் சைனுசாய்டு சுவரில் இ-செலக்டின் முளைத்துவிடுகிறது. திருடனைப் பார்த்துக் காவலாளி போடுகிற கூச்சலே கதவைத் திறந்துவிடுகிறது. இது வேறு இடத்திலிருந்து கல்லீரலுக்கு வரும் புற்றுநோயின் கதை என்றாலும், குழாய்ச் சுவர் சும்மா நிற்கிற சுவர் இல்லை, வருகிற ஆளைப் பொறுத்து மாறுகிறது என்பது இதில் தெரிகிறது.

இனி அந்த வெட்கக்கேடு. நான் படிப்பை முடித்து, ஆய்வை விட்டு வேறு வேலைக்கு வந்து, பல வருடம் கழித்து, தப்பாக அடையாளம் காணப்பட்ட செல் லைன்களின் பட்டியலை ஒருநாள் சும்மா மேய்ந்துகொண்டிருந்தேன். அப்படி ஒரு பட்டியலைச் சர்வதேசக் குழு ஒன்று பராமரிக்கிறது. அதில் 7721 இருந்தது. டி.என்.ஏ. கைரேகை எடுத்துப் பார்த்ததில் அது கல்லீரல் செல்லே இல்லை, ஹீலா.

ஹீலாவைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: 1951இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து, அவருக்குத் தெரியாமலே எடுக்கப்பட்ட செல்கள். சாவே இல்லாமல் வளரும். ஒரு துளி தவறி வேறு குடுவையில் விழுந்தால் சில வாரங்களில் அந்தக் குடுவை முழுக்க ஹீலாவாகிவிடும், பெயர்ச்சீட்டு மட்டும் பழையதாகவே இருக்கும். இப்படி நடக்கிறது என்று ஸ்டான்லி கார்ட்லர் 1966லேயே எச்சரித்தார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல்லீரல் என்று பெயர் போட்டு உலகம் முழுக்கப் பகிரப்பட்ட இன்னும் சில லைன்களும் அதே பட்டியலில் இருக்கின்றன.

நான் அந்த இரண்டு வருடமும் கழுவிய தட்டுகளில் இருந்தது 7721தான். நுண்ணோக்கியில் பார்த்து "கல்லீரல் செல்லுக்கே உரிய பல்கோண வடிவம்" என்று என் நோட்டில் என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். பார்க்க வேண்டும் என்று நினைத்ததைக் கண் பார்த்திருக்கிறது.

அப்படியானால் எல்லாமே பொய்யா? அவ்வளவு சுலபமாகத் தூக்கிப் போட முடியாது. ஃபட்-7 மரபணுவை ஏற்றினால் சியாலில் லூயிஸ் எக்ஸ் கூடும், அது கூடினால் செலக்டின் உள்ள சுவரில் பிடி கூடும் என்பது எந்தச் செல்லாக இருந்தாலும் நிற்கிற உண்மை. ஹீலாவிலும் உண்மை. ஆட்டம் காண்பது "கல்லீரல் புற்றுநோயில்" என்ற முன்னொட்டு மட்டும். குடல், கணையம் போன்ற புற்றுநோய்களில் இந்தச் சர்க்கரைகளுக்கான சான்று இதைவிட உறுதியானது. கணையப் புற்றுநோய்க்குப் பார்க்கிற சி.ஏ. 19-9 என்ற ரத்தப் பரிசோதனை அளப்பதே சியாலில் லூயிஸ் ஏ என்ற சகோதரச் சர்க்கரையைத்தான். அதைச் செய்கிற ஃபட்-3 நொதி சிலருக்குப் பிறவியிலேயே வேலை செய்யாது, அவர்களுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தாலும் அந்த எண் ஏறாது. ரிப்போர்ட்டில் நார்மல் என்று பார்த்து நிம்மதி அடைகிறவர்களிடம் யாராவது இதைச் சொல்கிறார்களா என்று அடிக்கடி நினைப்பேன்.

கல்லீரலிலும் ஃபியூக்கோஸுக்கு நேரடி சாட்சி ஒன்று இருக்கிறது, சித்தப்பாவின் கோப்பிலேயே இருந்தது. ஏ.எஃப்.பி. எல்-3 என்ற ரத்தப் பரிசோதனை. ஏ.எஃப்.பி. என்ற புரதம் கல்லீரல் புற்றுநோயில் ஏறும், ஆனால் வெறும் கல்லீரல் அழற்சியிலும் ஏறித் தொலைக்கும். புற்றுசெல் செய்கிற ஏ.எஃப்.பி.யில் மட்டும் அடிப்பகுதியில் ஒரு ஃபியூக்கோஸ் கூடுதலாக இருக்கும் போக்கு உண்டு, அதை மாட்டுவது ஃபட்-8. இதைப் பிரித்தெடுக்கப் பயன்பட்டது மசூர் பருப்பில் இருக்கும் ஒரு லெக்டின் (சர்க்கரையைப் பிடிக்கிற புரதம்), அது அந்த ஃபியூக்கோஸ் உள்ள புரதத்தை மட்டும் இறுகப் பிடிக்கும். மொத்த ஏ.எஃப்.பி.யில் அந்த ரகம் 10 சதவீதத்தைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. ஃபட்-8 ஒட்டுகிற பிடியைச் செய்வதில்லை, அது வேறு கண்ணி. ஆனாலும் கல்லீரல் செல் கெடும்போது ஃபியூக்கோஸ் பட்டறையில் கை மாறுகிறது என்பதற்கு ஒரு எண் அந்தத் தாளில் இருந்தது. சித்தி அதை மளிகைக் கணக்கு மாதிரி மடித்துப் பையில் வைத்திருந்தார்.

"ஒட்டாம பண்ண ஒரு மருந்து இல்லையாடா?" இதுவும் சித்தி கேட்டதுதான், இரண்டு நாள் கழித்து, போனில்.

முயன்றிருக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தருகிற ஹெப்பாரின் பி-செலக்டினின் பிடியைத் தடுக்கும், எலிகளில் அது பரவலைக் குறைத்தது. தட்டணுக்கள் பி-செலக்டின் வழியாகப் புற்றுசெல்லைச் சுற்றிப் போர்வை போர்த்திக் கொல்லி செல்களிடமிருந்து மறைக்கின்றன, அந்தப் போர்வை விலகுவதும் ஒரு காரணம். வயிற்றுப் புண்ணுக்குத் தருகிற பழைய மாத்திரையான சிமெட்டிடின் இ-செலக்டின் முளைப்பதைக் குறைக்கிறது என்று பார்த்து, ஜப்பானில் குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2002இல் வந்த முடிவில் பத்து வருடம் உயிரோடு இருந்தவர்கள் மாத்திரை எடுத்தவர்களில் 84.6 சதவீதம், எடுக்காதவர்களில் 49.8. கண்ணைப் பறிக்கிற எண். ஆனால் மொத்தமே 64 பேர், குடல் புற்றுநோய், கல்லீரல் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம், அந்த மாத்திரை வேறு பல மருந்துகளோடு சண்டை போடும். இ-செலக்டினைத் தடுக்கவென்றே வடிவமைத்த உப்ரோலெசலான் ரத்தப் புற்றுநோயில் கடைசிக் கட்டச் சோதனை வரை போய், 2024இல் ஆயுளை நீட்டும் இலக்கைத் தொடாமல் நின்றது.

ஏன் இவ்வளவு கஷ்டம் என்றால், ஒன்று, அதே பிடி வெள்ளையணுவுக்கும் வேண்டும், முழுசாக அறுத்துவிட்டால் சீழ் கட்டாத அந்தக் குழந்தையின் நிலைமைதான். இரண்டு, ஸ்கேனில் கட்டி தெரிகிற நேரத்தில் ஒட்ட வேண்டியது எப்போதோ ஒட்டி முடித்திருக்கும். மூன்றாவது அவ்வளவாக யாரும் பேசாதது. எலிக்கு ஃபட்-3, 5, 6 நொதிகள் கிடையாது, மனிதனின் சர்க்கரைப் பட்டறையும் எலியின் பட்டறையும் ஒன்றல்ல. எலியில் வென்ற மருந்து மனிதனில் தோற்றால் நாம் ஆச்சரியப்படுவதுதான் ஆச்சரியம்.

சித்தியிடம் போனில் இதில் எதையும் சொல்லவில்லை. "இன்னும் வரல சித்தி" என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு, சித்தப்பா மோர் குடித்தார், கொஞ்சம் தூங்குகிறார் என்றார்.

போன மாதம் எங்கள் பழைய கூடத்தில் இப்போது படிக்கும் ஒரு பெண், என் பெயரை ஏதோ பழைய நோட்டில் பார்த்து எழுதியிருந்தாள். அதே நொதி, அதே ஒட்டுதல் சோதனை, எண்கள் காலையும் மாலையும் வேறு வேறாக வருகின்றன அண்ணா, நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டிருந்தாள். கழுவுவதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். ஓட்டத்தில் வைத்துப் பார்க்க முடிந்தால் பார், தொப்புள்கொடிக்குப் பதில் கல்லீரல் சைனுசாய்டு செல் கிடைத்தால் வாங்கு, எல்லாவற்றுக்கும் முன்னால் குடுவையில் இருப்பது எது என்று கைரேகை எடுக்க அனுப்பு என்று எழுதினேன். ஹெப்-ஜி2 என்ற இன்னொரு லைனின் பெயர் ஒட்டியிருந்தால் அதையும் நம்பாதே, பெரியவர்களின் கல்லீரல் புற்றுநோய் என்று பல வருடம் சொல்லிவந்தது, 2009இல் பார்த்தால் குழந்தைகளுக்கு வரும் ஹெப்பட்டோபிளாஸ்டோமாவாம் என்றும் சேர்த்தேன்.

மறுநாள் பதில் வந்தது. திரவ நைட்ரஜன் தொட்டியில் தேடியதில் என் கையெழுத்தோடு நாலு குப்பி இருக்கிறதாம், 7721, கல்லீரல் என்று நீல மையில். தூக்கிப் போடவா, வைக்கவா என்று கேட்டிருக்கிறாள். வை என்று சொல்லியிருக்கிறேன், பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றச் சொல்லி.